பூனை வந்த சத்தம்

ஜெனோவாவின் வேலை, தனக்குள் என்ன நடக்கிறது என்று சொல்வது.

அதற்கு முன்னால் தூத்துக்குடியில் ஒரு கடல் உணவு ஏற்றுமதிக் கம்பெனியில் தர ஆய்வாளராக இருந்தாள். இறாலை ஒரு தடவை முகர்ந்தால் போதும், எந்தப் பெட்டி நாளைக்குக் கெடும் என்று இன்றைக்கே சொல்லிவிடுவாள். “அப்ப மூக்க வெளிய நீட்டுனா, இப்ப உள்பக்கமாத் திருப்பி வச்சிருக்கா. அம்புட்டுதான்” என்று அவள் கணவன் லிகோரி, கேட்பவர்களுக்கெல்லாம் விளக்கம் சொல்வான். அவன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். இதைவிடச் சரியாக அந்த வேலையை யாரும் விளக்கியதில்லை.

அரசு உணர்வு வரம்புச் சட்டம் கொண்டு வந்த பிறகு பிறந்த வேலை அது. ஒரு பொருள் உடம்புக்குள் போவதைப் பழக்கப்பட்ட மனிதர் ஒருவரால்கூட உணர முடியவில்லை என்றால் அது போதைப் பொருள் இல்லை. கடலைமிட்டாய் மாதிரி யாரும் விற்கலாம், யாரும் தின்னலாம். ஒரே ஒருவர் உணர்ந்துவிட்டாலும் கதை வேறு. அப்படி உணர்ந்து சொல்வதற்கென்று பழக்கப்பட்டவர்களுக்கு உணர்நர் என்று பெயர். துறைமுகச் சாலையிலிருந்த சோதனைக்கூடத்தில் ஐந்து உணர்நர்கள் இருந்தார்கள்.

பழக்கியது நிகோடினை வைத்துத்தான். மூக்கில் அடிக்கும் ஒரு துளி. முதல் வாரம் எல்லாருக்கும் தும்மல் மட்டுமே வந்தது. போகப் போக ஜெனோவாவுக்கு அதன் வரிசை பிடிபட்டது. முதலில் தொண்டையின் பின்பக்கம் மிளகு பட்ட மாதிரி ஒரு சுருக்கு. பிறகு தலை கழுத்தைவிட்டு ஒரு விரற்கடை மேலே மிதக்கும். நெஞ்சு கொஞ்சம் முந்தி அடிக்கும், விரல் நுனி சில்லென்று ஆகும். அதெல்லாம் அடங்கும்போது எதிரே இருக்கும் சுவர், நாற்காலி, கடிகாரம் எல்லாவற்றுக்கும் யாரோ கூர்மையாகக் கரை கட்டிவிட்டது போலிருக்கும். துளியின் அளவைக் குறைத்துக்கொண்டே போனார்கள். மற்ற நால்வரும் வெறும் தண்ணீர் என்று சொன்ன அளவிலும் அவள் மட்டும் அந்தக் கரையைப் பார்த்தாள்.

உணர்நர் உட்காரும் நாற்காலியின் கைப்பிடியில் இரண்டு பொத்தான்கள். உணர்ந்தால் இடது, இல்லையென்றால் வலது. கூடத்தின் தலைவர் டாக்டர் ருக்கையா, காயல்பட்டினத்துக்காரர். எதைக் கேட்டாலும் ஆசையாக விளக்கம் சொல்கிறவர். முதல் நாளே அவர் சொன்னார்: “இது எலிக்குச் செஞ்ச சோதனைதான். நிகோடின் போட்ட அன்னைக்கு இடது கம்பியை அமுக்கினா தீனி. உப்புத்தண்ணி போட்ட அன்னைக்கு வலது கம்பி. எலி சரியாப் பழகிடும்.”

“எலிக்கு எப்படித் தெரியும் டாக்டர்? நெஞ்சு வேகமா அடிக்கிறத வச்சா?”

“அதைத்தான் எல்லாரும் நெனச்சாங்க! மூளைக்குள்ள நுழையாத, உடம்பில மட்டும் நிகோடினைத் தடுக்கிற மருந்து ஒண்ணு இருக்கு. அதைக் குடுத்துப் பார்த்தாங்க. எலி அப்பவும் இடது கம்பிக்குத்தான் போச்சு. மூளைக்குள்ள போய்த் தடுக்கிற மருந்தைக் குடுத்தா மட்டும்தான் குழம்பிச்சு. அப்போ அடையாளம் நெஞ்சில இல்லை. மூளைக்குள்ளேயே ஏதோ நிறம் மாறுது, எலி அதைப் பார்க்குது.”

“அப்ப நாங்க எலி” என்றார் பிச்சுமணி அண்ணாச்சி. வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர், ஐவரில் மூத்தவர். “தீனி மட்டும் மாசக் கடைசியில.”

அப்படித்தான் சிரித்துக்கொண்டே நாட்கள் போயின. பிறகு பூனை வந்தது.

ஒரு கம்பெனி அனுப்பிய மிட்டாய் அது. நிகோடினுக்குத் தம்பி முறை ஆகும் ஒரு புதுப் பொருள் அதிலிருந்தது. கவனத்தைக் கூட்டும், மறதியைக் குறைக்கும். பரீட்சைக்குப் படிக்கிறவர்களுக்கும் லாரி ஓட்டுகிறவர்களுக்கும் நல்லது என்றார்கள். உள்ளே போகும் சத்தமே தெரியாததால் கூடத்தில் அதற்குப் பூனை என்று பெயர் வைத்துவிட்டார்கள். மாதக்கணக்கில் காலைதோறும் ஆளுக்கொரு மிட்டாய். சில நாள் பூனை இருக்கும், சில நாள் வெறும் சர்க்கரை. எது எது என்று ருக்கையாவுக்கும் தெரியாது; குறிகள் சென்னையில் பூட்டியிருந்தன. ஐந்து பேரும் வலது பொத்தானையே அமுக்கினார்கள். ஜெனோவாவும்தான். எந்தச் சுருக்கும் இல்லை, மிதப்பும் இல்லை, கரையும் இல்லை. அடுத்த மாதம் ஐவரும் ‘உணரவில்லை’ என்று ஒருமனதாகச் சொல்லிவிட்டால் பூனை கடைக்குப் போய்விடும்.

அந்த நேரத்தில்தான் புயல் வந்தது.

கூடத்துக்கு நாலு நாள் விடுமுறை விட்டார்கள். முதல் நாள் ஜெனோவா வீட்டைத் துடைத்தாள். இரண்டாம் நாள் துடைத்த வீட்டையே மறுபடி துடைத்தாள். காற்று ஜன்னலை அறைந்தது. அதற்குப் பதில் சொல்வது போல அவள் கால் ஆடிக்கொண்டே இருந்தது. உட்கார்ந்தால் எழ வேண்டும், எழுந்தால் எங்கே போவதென்று தெரியவில்லை. சீலாமீனை அறுத்துக்கொண்டிருந்தபோது லிகோரி பின்னால் வந்து, “துண்டு கொஞ்சம் பெருசாப் போடேன்” என்றான். அவ்வளவுதான் சொன்னான். கத்தியைத் தொட்டியில் வீசிவிட்டு அவள் கத்திய கத்தலில் அவன் ஓரடி பின்வாங்கினான்.

“ஏட்டி, ஒனக்கு என்ன செய்யுது?”

அவளுடைய வேலையே அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதுதான். ஆனால் அன்றைக்குப் பதில் வரவில்லை. “ஒண்ணும் செய்யல” என்றாள். “குடைய ஆபீஸ்ல வச்சிட்டு வந்துட்டேன். போய் எடுத்துட்டு வாரேன்.”

“இந்தக் காத்துலயா? குடை இல்லாமப் போயி குடைய எடுக்கப் போறியா?”

அவள் அதற்குள் படியிறங்கியிருந்தாள்.

கூடத்தின் இரும்புக் கதவு பூட்டிக் கிடந்தது. கதவுக்கு முன்னால், மழைச்சட்டையோடு பிச்சுமணி அண்ணாச்சி நின்றுகொண்டிருந்தார்.

“நீங்க என்ன அண்ணாச்சி இங்க?”

“கண்ணாடிய மேசையில வச்சிட்டேம்மா. பேப்பர் படிக்க முடியல.” அவர் மூக்கில் கண்ணாடி இருந்தது. அதை அவரே அப்போதுதான் தொட்டுப் பார்த்தார். “இது பழைய கண்ணாடி” என்றார்.

கொஞ்ச நேரத்தில் ஐவரில் இளையவளான வடிவு ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு நனைந்து வந்தாள். சாப்பாட்டு டப்பா உள்ளே மாட்டிக்கொண்டதாம், ஊசிப்போனால் வாடை வருமாம். அவள் சொல்லி முடிப்பதற்குள், எப்போதும் சேர்ந்தே வரும் கல்லூரி ஆசிரியர்கள் இருவரும் ஒரு ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். கட்டடத்துக்குப் புயலில் ஏதும் ஆகிவிட்டதோ என்று பார்க்க வந்தோம் என்றார்கள்.

காவலாளி கூரைக்கடியில் நின்று இவர்களை வேடிக்கை பார்த்தார். “சம்பளத்தோட லீவு விட்டா வீட்டுல கெடக்க மாட்டிய போலிருக்கே! ஒங்கள மாதிரி ஆளுங்க நாட்டுல பத்துப் பேரு இருந்தாப் போதும்.”

“கடமைன்னா கடமைதான்” என்றார் பிச்சுமணி. எல்லாரும் சிரித்தார்கள். வடிவுகூடத் தலையைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

ஜெனோவா சிரிக்கவில்லை. எல்லாருடைய கால்களையும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்து ஜோடிக் கால்கள். ஒன்றுகூட நின்ற இடத்தில் நிற்கவில்லை. சேற்றை மிதித்து மிதித்து ஆளுக்கொரு சிறு குழி தோண்டியிருந்தார்கள். முகர்ந்து பார்க்காமலே அவளுக்குத் தெரிந்துவிட்டது, பெட்டி கெட்டுவிட்டது என்று.

உள்ளே ஏதாவது வருகிறதா என்று பார்க்கப் பழகியவர்கள் அவர்கள். உள்ளேயிருந்து ஏதாவது போகிறதா என்று ஒருவர்கூடப் பார்த்ததில்லை.

புயல் கடந்த மறுநாள் காலை ருக்கையாவின் அறைக்கு நேராகப் போய் இதைச் சொன்னாள். அவர் முதலில் மறுத்தார். “வாய்ப்பில்லை ஜெனோவா. மெதுவா ஏறுற பொருள் அது. மெதுவா ஏறினா அடிமையாக்காதுன்னுதான் இத்தனை வருஷமாப் படிச்சிருக்கோம். சிகரெட் ஏன் அவ்வளவு பொல்லாதது? ஒரு இழுப்பு இழுத்தா நாலஞ்சு மூச்சுக்குள்ள மூளைக்குப் போயிடுது. அந்த வேகம்தான்...”

“அப்ப நாங்க அஞ்சு பேரும் ஏன் புயல்ல நனைஞ்சோம்?”

ருக்கையா எழுந்து ஜன்னல் பக்கம் போனார். அங்கிருந்து பார்த்தால் உப்பளம் தெரியும். புயல் தண்ணீர் பாத்திகளை எல்லாம் ஒன்றாக்கியிருந்தது.

“அந்த மடை தெரியுதா?” என்றார். “கடல் தண்ணி வாய்க்கால்ல வரும். மடையைத் தூக்கினா பாத்திக்குள்ள போகும். மூளை அணுவிலயும் அதே மாதிரி மடை இருக்கு. பக்கத்து அணு அசிட்டைல்கோலின்னு ஒரு ஆளை அனுப்பும். அவன் வந்து மடையைத் தூக்குவான். உள்ள என்ன வரும்னு நெனைக்கிறீங்க? உப்புத்தான். நெசமாவே உப்புல இருக்கிற சோடியம். அது உள்ள வந்ததும் அணு முழிச்சுக்கும், அடுத்த அணுவுக்குச் சேதி சொல்லும். வந்த ஆளை அடுத்த கணமே ஒரு நொதி வெட்டிப் போட்டுடும், மடை மூடிக்கும். அப்படி ஒரு சுத்தமான ஏற்பாடு.”

“நிகோடின்?”

“அந்த ஆளு மாதிரியே வேஷம் போட்டு வர்றவன். அவனும் மடையைத் தூக்குவான். ஆனா நொதியால அவனை வெட்ட முடியாது. டோபமைன் அனுப்புற அணுக்கள்ல இருக்கிற மடையைத் தூக்கினா, ‘இது நல்லாயிருக்கு, இன்னொரு தடவை செய்’னு சேதி போகும். அவன் பாட்டுக்கு அங்கேயே உக்காந்திருக்கிறதால மடை கொஞ்ச நேரத்தில இறுகி மரத்துப்போயிடும். மூளை பார்க்கும்: அடடா, மடை பத்தலையே. இன்னும் நெறைய மடை கட்டும்.”

“அவன் போயிட்டா?”

ருக்கையா திரும்பினார். அவர் முகத்தில் விளக்கும் ஆசை வடிந்துபோயிருந்தது. “கட்டின மடை எல்லாம் திறப்பார் இல்லாமக் காத்துக்கிட்டு நிக்கும். எரிச்சல், படபடப்பு, உக்கார முடியாது. சிகரெட் குடிக்கிறவருக்குக் காலையில முதல் சிகரெட் அவ்வளவு இனிக்கிறது பாதி இதனாலதான். அது அவருக்குச் சந்தோஷம் குடுக்கல. அது எடுத்துட்டுப் போனதைத் திருப்பிக் குடுக்குது.”

“பூனையும் அதத்தான் செய்யுது. வரும்போது தெரியல. அம்புட்டுதான்.”

“நீங்க சொல்றது சரியா இருக்கலாம். ஆனா சட்டம் கேட்கிறது ஒண்ணே ஒண்ணு. மிட்டாயைத் தின்னா உங்களுக்குத் தெரியுதா? பத்துக்கு எட்டுத் தடவை சரியாச் சொல்லணும். போயிட்டதுக்கப்புறம் கால் ஆடுதுன்னு சொன்னா யாரும் காதுல வாங்க மாட்டாங்க. நிகோடின் சோதனை செஞ்சாலும் உங்க எச்சில்ல ஒண்ணும் காட்டாது. இது அது இல்லையே.”

யோசித்தபோதும் ஜெனோவாவின் பெருவிரல் நாற்காலியின் கைப்பிடியைச் சுரண்டிக்கொண்டிருந்தது.

“மடை எல்லாம் காலியா நிக்கும்போது ஒரு மிட்டாய் தின்னா? அது வெறும் சர்க்கரைன்னா கால் ஆடிக்கிட்டேதான் இருக்கும். பூனைன்னா...”

“கால் நின்னுடும்” என்றார் ருக்கையா மெதுவாக. பிறகு, “ஒவ்வொரு மிட்டாய்க்கும் முன்னால பல நாள் சும்மா இருக்கணும். சர்க்கரை வந்தா, அடுத்த தடவை வரைக்கும் அப்படியே கெடந்து தவிக்கணும். இடைவெளி கேட்க உணர்நருக்கு உரிமை இருக்கு. ஆனா இதை உங்களைச் செய்யச் சொல்ல எனக்கு உரிமை இல்லை.”

“நீங்க சொல்லல. நாஞ் சொல்லுதேன்.”

மற்றவர்களிடம் மறைக்க அவளுக்கு மனம் வரவில்லை. சாப்பாட்டு நேரத்தில் எல்லாவற்றையும் சொன்னாள். ஆசிரியர்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வடிவு, “யக்கா, சும்மா பயங்காட்டாதீங்க” என்று கையைக் கழுவப் போய்விட்டாள். பிச்சுமணி மட்டும் சோற்றில் கை வைத்தபடியே உட்கார்ந்திருந்தார்.

“எம் பெஞ்சாதி போனபெறகு ரெண்டு வருஷம் காலையில எந்திரிக்கவே புடிக்காதும்மா” என்றார். “இங்க சேந்தபெறகுதான் அலாரம் அடிக்க முந்தி முழிப்பு வருது. சட்டையத் தேச்சுப் போடணும்னு தோணுது. இன்னைக்கு ஒரு எடத்துக்குப் போறோம்னு ஒரு ஆசை. நீ அது மிட்டாய்னு சொல்லுத.”

“அண்ணாச்சி, நான்...”

“நெசமாவே இருக்கட்டும். அத நீ எங்கிட்டச் சொல்லியிருக்க வேண்டாம்.” எழுந்து தட்டை எடுத்துக்கொண்டு போனார். அதற்குப் பிறகு அவர் அவளைப் பார்த்து எலி, தீனி என்று எதுவும் கிண்டல் செய்யவில்லை.

அடுத்து வந்த வாரங்களை லிகோரி பிற்பாடு ‘சுறா புகுந்த வீடு’ என்று சொல்வான். ஜெனோவாவால் ஒரு தேநீரை முழுசாகக் குடிக்க முடியாது. ஜெபமாலையைக் கையில் எடுத்தால் முதல் பத்து மணியைத் தாண்டுவதற்குள் மனம் எங்கோ போய்விடும். பேருந்தில் பக்கத்தில் இருப்பவர் பாக்கு மெல்லும் சத்தம் கேட்டு இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி நடந்தாள். உடம்பு ஒன்றைக் கேட்டது. எதைக் கேட்கிறது என்று தெரிந்திருந்தும் அது தாகம் போலவும் இல்லை, பசி போலவும் இல்லை. நாக்கின் நுனியில் நின்றுகொண்டு வர மறுக்கும் ஒரு பெயரை உடம்பு முழுக்கத் தேடுவது போலிருந்தது.

கூடத்தின் நாற்காலியில் உட்கார்ந்து மிட்டாயை வாயில் போட்டுக்கொள்வாள். அதே இனிப்பு. கண்ணை மூடி, உள்ளே வருவதைப் பார்க்காமல், உள்ளிருக்கும் தவிப்பு போகிறதா என்று பார்ப்பாள். சில நாள் பெருவிரல் சுரண்டிக்கொண்டே இருக்கும். வலது பொத்தானை அமுக்கிவிட்டு, தவித்தபடி வீட்டுக்குப் போவாள். சில நாள், எப்போது என்று சொல்ல முடியாதபடி, விரல் நின்றிருக்கும். அலை ஏறுவதைக் கரையில் நிற்பவன் பார்ப்பதில்லை. கால் நனைந்த பிறகுதான் தெரியும். அந்த நாட்களில் இடது.

சென்னையில் குறிகளைத் திறந்தார்கள். ஜெனோவா ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை. பூனை உணரக்கூடிய பொருள் என்று ஆகிவிட்டது.

கடைசியாக ஒரு வேலை பாக்கி இருந்தது. பூனை உள்ள மிட்டாய் என்று தெரிந்தே ஒன்றைக் கொடுத்து, எதிரே ருக்கையா பதிவுக் கருவியோடு உட்கார்ந்தார். வெளியே நல்ல வெயில். உப்பளப் பாத்திகளை ஆட்கள் மறுபடி கட்டிக்கொண்டிருந்தார்கள்.

“உணர்வு என்னன்னு உங்க வாயால சொல்லணும். நீங்க சொல்ற வார்த்தையை மாத்தாம அப்படியே மிட்டாய் உறையில அச்சடிக்கணும். வாங்குறவங்க தெரிஞ்சுக்கிட்டு வாங்கட்டும்னு சட்டம்.”

“அப்ப விக்கிறத நிறுத்த மாட்டாங்களா?”

“பெரியவங்களுக்கு மட்டும் விக்கலாம். உறையைப் படிச்சுட்டு.” ருக்கையா கருவியைத் தட்டினார். “சொல்லுங்க. என்ன செய்யுது?”

மிட்டாய் கரைந்து வெகு நேரமாகியிருந்தது. ஜெனோவாவின் கைகள் மடியில் அசையாமல் கிடந்தன. தோளில் எத்தனை நாளாக இறுக்கம் இருந்தது என்பது அது தளர்ந்தபோதுதான் தெரிந்தது. வெயில் இதமாக இருந்தது. லிகோரியிடம் இன்றைக்குச் சண்டை போடாமல் பேசலாம் என்று தோன்றியது. சொல்வதற்கு ஒரே ஒரு வாக்கியம்தான் இருந்தது, அது சத்தியமான வாக்கியமும்கூட: இதைத் தின்றால் நான் பழையபடி நானாக இருக்கிறேன்.

சொல்ல வாயைத் திறந்தாள். அந்த வாக்கியம் பளபளக்கும் உறையில், நல்ல எழுத்தில், கடை வாசலில் சரம் சரமாகத் தொங்குவது கண்ணில் தெரிந்தது. வாயை மூடிக்கொண்டாள்.

“இப்பச் சொன்னா விளம்பரமாப் போயிரும் டாக்டர். இது போகட்டும். போகும்போது சொல்லுதேன்.”

“அதுக்கு ரொம்ப நேரம் ஆகும்.”

“ஆவட்டும். இருக்கேன்.”

இருந்தார்கள். ருக்கையா எழுந்து விசிறியைக் கூட்டினார், பிறகு குறைத்தார். தலைத்துணியின் ஊசியைக் கழற்றி மறுபடி குத்தினார். தேநீர் கொண்டுவந்த பெண்ணிடம், சர்க்கரை அதிகம் என்று அதட்டினார். அந்தப் பெண் திகைத்து நின்றாள். அந்தக் கூடத்தில் யாரும் டாக்டரின் குரல் உயர்ந்து கேட்டதில்லை.

“சீக்கிரம் சொல்லித் தொலைங்களேன் ஜெனோவா!”

சொன்ன பிறகு அவரே அதிர்ந்து போனார். பேனா அவர் விரல்களுக்கிடையில் மேசையைக் கொத்திக்கொண்டே இருந்தது.

ஜெனோவா அந்தப் பேனாவைப் பார்த்தாள். “டாக்டர், கம்பெனியிலேருந்து தெனமும் மிட்டாய்ப் பெட்டி வரும்போது, பூனையோட கசப்பு நாக்குல தெரியுதான்னு யாரு பாப்பாங்க?”

“நான்தான்” என்றார் ருக்கையா. “பெட்டிக்கு ஒண்ணு உடைச்சு, பாதி...” நிறுத்தினார். “போன வாரத்தோட பெட்டி வர்றது நின்னுடுச்சு.”

பேனா நின்றது. நின்ற உடனே அவர் முழங்கால் மேசைக்கடியில் ஆடத் தொடங்கியது. அவர் அதை ஒரு கையால் அழுத்திப் பிடித்தார். பிறகு இரண்டு கையாலும்.

ஜெனோவா எழுந்து மேசையைச் சுற்றி வந்தாள். பதிவுக் கருவியை எடுத்து அவர் பக்கமாகத் திருப்பி வைத்தாள். நாற்காலியை நெருக்கிப் போட்டு, காய்ச்சல்காரர் பக்கத்தில் உட்காருவது போல உட்கார்ந்துகொண்டாள்.

“அவசரமில்ல டாக்டர்” என்றாள். “மெதுவாச் சொல்லுங்க. என்ன செய்யுது?”